ஆங்கில மெயிலில் பிழை பிடிப்பது எப்படி: அறிகுறியைப் பார்த்து அடியில் இருக்கும் தமிழைத் தேடுங்கள்

சில வருடங்களுக்கு முன்னால் திருப்பூரில் நான் வேலை பார்த்த ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு, பையர், அதாவது சரக்கு வாங்குபவர், ஒருவர் சாயங்காலம் ஒரு வரி மெயில் அனுப்பினார். "ஹேவன்ட் யூ ஸ்டார்ட்டட் கட்டிங் யெட்?" இன்னும் கட்டிங் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்கிறார். ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி உடனே பதில் போட்டான்: "யெஸ் சார்." ஆமாம், ஆரம்பிக்கவில்லை என்று சொல்ல நினைத்தான். பையர் படித்ததோ, ஆமாம், ஆரம்பித்துவிட்டோம் என்று. கழுத்து அளவை அரை சென்டிமீட்டர் குறைக்கச் சொல்வதற்காகத்தான் அவர் கேட்டிருக்கிறார். துணி வெட்டியாகிவிட்டது என்று நினைத்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே விட்டுவிட்டார். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"யெஸ் சார்" என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எந்த மென்பொருளும் அதன் அடியில் கோடு போடாது. அன்றைக்கு அப்புறம் மெயில்களைச் சரிபார்க்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். படிக்கிறவர் இதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வார் என்பதை முதலில் பார்ப்பேன். இலக்கணம் அதற்குப் பிறகுதான்.

பல வருடங்களாக மற்றவர்கள் எழுதிய மெயில்களைப் படித்துப் படித்து இன்னொன்றும் பிடிபட்டது. நாம் எழுதும் தப்பான ஆங்கில வாக்கியத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒரு சரியான தமிழ் வாக்கியம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிழை எங்கே என்பதும் எப்படித் திருத்துவது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். அதனால் கீழே இருப்பதை இலக்கண வரிசையில் எழுதவில்லை. மெயிலில் என்ன அறிகுறி தெரிகிறதோ அங்கே போய்ப் பாருங்கள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்; வாய்விட்டுப் படியுங்கள், பல பிழைகள் காதிலேயே தட்டுப்படும்.

அறிகுறி: கேள்வியில் 'நாட்' இருக்கிறது, பதில் ஒற்றைச் சொல்லில் இருக்கிறது

மேலே சொன்ன விபத்து இந்த வகை. "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றால் நாம் "ஆமாங்கண்ணா, ஆரம்பிக்கலைங்க" என்போம். நம் ஆமாம், கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்கிற ஆமாம். ஆங்கில யெஸ் கேள்வியின் வடிவத்தைப் பார்க்காது, நடந்ததை மட்டும் பார்க்கும். வேலை நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ. ஜப்பானியரும் நம்மைப் போலத்தான் பதில் சொல்வார்கள், அதனால் அவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

"டூ யூ மைன்ட் இஃப் வி ஷிப் பை ஸீ?" என்ற கேள்வி இதைவிட ஆபத்து. கப்பலில் அனுப்பினால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார்கள். சம்மதம் என்று நினைத்து யெஸ் போட்டால், ஆட்சேபம் இருக்கிறது என்று சொன்னதாக ஆகிவிடும்.

திருத்தம் எளிது. இப்படிப்பட்ட கேள்விக்கு யெஸ், நோ இரண்டையுமே விட்டுவிடுங்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள். "வி ஹேவ் நாட் ஸ்டார்ட்டட் கட்டிங். வி ப்ளான் டு ஸ்டார்ட் ஆன் தர்ஸ்டே." இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

அறிகுறி: பணிவாகத்தான் எழுதினோம், படிக்கிறவருக்குக் கட்டளை மாதிரி இருக்கிறது

அடியில் 'வேண்டும்' இருக்கிறதா பாருங்கள். தேவை, ஆசை, கட்டாயம், வேண்டுகோள் எல்லாவற்றுக்கும் தமிழில் இந்த ஒரு சொல் போதும். குரலும் மரியாதை விகுதியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். "நீங்கள் இன்றைக்கு அப்ரூவல் கொடுக்க வேண்டும்" என்பதில் எந்த முரட்டுத்தனமும் இல்லை. அதையே "யூ ஹேவ் டு அப்ரூவ் டுடே" என்று எழுதினால், முதலாளி வேலைக்காரனிடம் சொல்கிற தொனி வந்துவிடுகிறது. முன்னால் 'கைன்ட்லி' சேர்த்தாலும் அந்தத் தொனி போகாது.

எந்த 'வேண்டும்' என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நமக்குத் தேவை என்றால் 'வி நீட்' என்று நம்மை வைத்து ஆரம்பித்து, காரணத்தையும் சேருங்கள்: "வி நீட் யுவர் அப்ரூவல் டுடே டு கீப் தி ஷிப் டேட்." வேண்டுகோள் என்றால் "குட் யூ ப்ளீஸ் அப்ரூவ்". ஒப்பந்தப்படி அவர்கள் செய்தே ஆக வேண்டிய கடமை என்றால் மட்டும் 'மஸ்ட்'. அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது, மெயிலில் வேண்டாம்.

அறிகுறி: நாளும் நேரமும் இரண்டு விதமாகப் புரிகிறது

"வித்தின் ஃப்ரைடே" என்று ஒரு மெயிலில் பார்த்தால், அடியில் 'வெள்ளிக்கிழமைக்குள்' இருக்கிறது. 'வித்தின்' ஒரு கால அளவோடுதான் வரும்: "வித்தின் டூ டேஸ்". ஒரு நாளையோ மணியையோ குறிப்பிட்டால் 'பை': "பை ஃப்ரைடே", "பை ஃபைவ் ஓ க்ளாக்".

'வரைக்கும்' என்றால் 'அன்டில்'. "வி வில் ஸென்ட் தி கூட்ஸ் டில் ஃப்ரைடே" என்று எழுதினால் வெள்ளிக்கிழமை வரை தினமும் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று பொருள். தமிழில் 'க்குள்', 'வரை' இரண்டும் நமக்குக் குழம்புவதே இல்லை. அதனால் அனுப்புவதற்கு முன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். குறிப்பிட்ட நாளோடு 'க்குள்' வந்தால் பை, 'வரை' வந்தால் அன்டில்.

"ரெண்டு நாளா" என்பதை "ஃப்ரம் லாஸ்ட் டூ டேஸ்" என்றும் "சின்ஸ் டூ டேஸ்" என்றும் எழுதுகிறோம். அளவு என்றால் 'ஃபார் டூ டேஸ்', ஆரம்பித்த நாள் என்றால் 'சின்ஸ் மண்டே'. கூடவே 'ஹேவ்' வர வேண்டும்: "வி ஹேவ் வெயிட்டட் ஃபார் டூ டேஸ்".

தேதியை 05/06 என்று எழுதவே எழுதாதீர்கள். நமக்கும் பிரிட்டனுக்கும் அது ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' இந்த வாரமா அடுத்த வாரமா என்பதில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. கிழமையோடு தேதியையும் சேர்த்துப் போட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அறிகுறி: 'எ', 'தி' எங்கே போடுவது என்று கை தயங்குகிறது

நம் ஆட்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தமிழில் ஆர்டிகிள் கிடையாது, அதனால் நமக்கு இது வராது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நம்பி வந்திருக்கிறோம். அது பாதிதான் உண்மை. ஆர்டிகிள் செய்கிற வேலையில் ஒரு பகுதியைத் தமிழில் வேறொன்று செய்துகொண்டிருக்கிறது, நாம் அதைக் கவனிப்பதில்லை.

வீட்டில் "பால் வாங்கிட்டு வா" என்று சொல்வதற்கும் "பாலை வாங்கிட்டு வா" என்று சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது, கடைக்குப் போய் ஏதோ பால். இரண்டாவது, நம் இருவருக்கும் தெரிந்த அந்தப் பால். சொல்லி வைத்ததோ, காசு கொடுத்துவிட்டு வந்ததோ. இந்த வித்தியாசம் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். இரண்டாம் வேற்றுமை 'ஐ' அதைச் சொல்லிவிடுகிறது.

இப்போது ஃபேக்டரிக்கு வாருங்கள். "சாம்பிள் அனுப்புங்க" என்றால் "ப்ளீஸ் ஸென்ட் எ சாம்பிள்", அல்லது "ஸென்ட் சாம்பிள்ஸ்". "சாம்பிளை அனுப்புங்க" என்றால் "ப்ளீஸ் ஸென்ட் தி சாம்பிள்". அதாவது, வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, பொருளின் மேல் 'ஐ' தானாக வந்தால் 'தி' போடுங்கள். வராவிட்டால், எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளுக்கு 'எ', மற்றதற்கு ஒன்றும் வேண்டாம். தம்பிமார்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கு, பாதி மெயில்களில் ஆர்டிகிள் தானாகச் சரியானது.

இது எல்லா இடத்திலும் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களைக் குறிக்கும் சொல்லுக்கு 'ஐ' பெரும்பாலும் வரும்: "ஒரு பையனைப் பார்த்தேன்" என்றுதான் சொல்வோம், அங்கே அது 'எ'தான். வாக்கியத்தின் எழுவாய்க்கு 'ஐ' வரவே வராது. அந்த இடங்களில் 'எந்த?' என்று கேளுங்கள். "பட்டன் இஸ் ப்ரோக்கன்" என்று எழுதியிருக்கிறது. எந்தப் பட்டன் என்று படிக்கிறவர் கேட்பாரா? கேட்க மாட்டார், அவருக்கே தெரியும் என்றால் 'தி பட்டன்'. கேட்பார் என்றால் 'எ பட்டன்'. கேட்பார், நாமும் சொல்லியாக வேண்டும் என்றால் ஆர்டிகிள் மட்டும் போதாது: "தி செகண்ட் பட்டன் ஃப்ரம் தி டாப் இஸ் ப்ரோக்கன்".

ஒரு பொருள் எண்ணக்கூடியதா இல்லையா என்பதை மட்டும் தமிழை வைத்து ஊகிக்காதீர்கள். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'அட்வைஸஸ்', 'மெஷினரீஸ்' எல்லாம் அந்த ஊகத்தில் பிறந்தவைதான். ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியைப் பாருங்கள், ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்தில் எண்ணக்கூடியதற்கு ஸி, எண்ண முடியாததற்கு யூ என்று அடையாளம் இருக்கும். இப்படிப்பட்ட அகராதிகளில் மிகவும் பெயர் பெற்ற ஆக்ஸ்ஃபோர்ட் கற்போர் அகராதி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் தொகுத்து 1942-ல் டோக்கியோவில் வெளியான அகராதியிலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் அதை 1948-ல் வெளியிட்டது. ஜப்பானிய மொழியிலும் ஆர்டிகிள் கிடையாது. நம்மைப் போன்றவர்கள் தடுமாறுகிற இடத்தை நேரில் பார்த்துப் பார்த்துச் செய்த புத்தகம் அது, அதனால்தான் நமக்கு இவ்வளவு உதவுகிறது.

அறிகுறி: 'ஹேட்' அடிக்கடி வருகிறது, 'ஹேவிங்' அடிக்கடி வருகிறது

"வி ஹேட் ஸென்ட் தி சாம்பிள் ஆன் மண்டே." அடியில் 'அனுப்பியிருந்தோம்'. தமிழில் அது வெறுமே முடிந்துபோன செய்தி, கொஞ்சம் பவ்யமும் கூட. ஆங்கிலத்தில் 'ஹேட் ஸென்ட்' என்றால், அதற்குப் பிறகு நடந்த இன்னொன்று வரப்போகிறது என்று படிக்கிறவர் காத்திருப்பார். அனுப்பியிருந்தீர்கள், அப்புறம்? திரும்பி வந்துவிட்டதா? இன்னொரு சம்பவம் இல்லையென்றால் சாதாரண இறந்த காலம் போதும்: "வி ஸென்ட் தி சாம்பிள் ஆன் மண்டே."

"வி ஆர் ஹேவிங் ஃபார்ட்டி மெஷின்ஸ்" என்பதில் அடியில் இருப்பது 'இருக்கிறது'. அந்த 'கிற' தான் 'இங்' ஆக வெளியே வருகிறது. சொந்தமாக இருப்பது, தெரிவது, விரும்புவது, புரிவது இவையெல்லாம் செய்துகொண்டிருக்கிற வேலைகள் அல்ல, நிலைகள். "வி ஹேவ் ஃபார்ட்டி மெஷின்ஸ்." "தி பையர் வான்ட்ஸ்." "வி நோ." 'செய்துகொண்டு' என்று தமிழில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நாற்பது மெஷினை யாரும் 'இருந்துகொண்டு' இருக்க முடியாது.

அறிகுறி: வாக்கியம் நீளமானதும் ஒருமை பன்மை தவறுகிறது

"தி ஷேட் ஆஃப் தி கஃப்ஸ் அண்ட் காலர்ஸ் ஆர் நாட் மேட்சிங்." நல்லா எழுதத் தெரிந்தவர்களும் இதில் மாட்டுகிறார்கள். காரணம் மொழியின் அமைப்பு. தமிழில் "கஃப், காலர்களின் நிறம் பொருந்தவில்லை" என்னும்போது நிறம் வினைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் தலைச்சொல் முதலில் வந்துவிடுகிறது. நடுவில் 'ஆஃப்' போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் நுழைக்கலாம். வினைச்சொல் எழுதும் நேரத்தில் காதில் கடைசியாகக் கேட்டது 'காலர்ஸ்', கை 'ஆர்' எழுதிவிடுகிறது.

'ஆஃப்', 'வித்', 'ஃப்ரம்' தொடங்கி வினைச்சொல் வரை இருப்பதை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். "தி ஷேட்... இஸ் நாட் மேட்சிங்." சரியாகிவிட்டது. இன்னும் நேராகச் சொல்ல "தி ஷேட் டஸ் நாட் மேட்ச்". "ஒன் ஆஃப் தி சாம்பிள்" என்று எழுதியிருந்தால் அதையும் இங்கேயே திருத்திவிடுங்கள். பலவற்றில் ஒன்று என்பதால் 'ஒன் ஆஃப் தி சாம்பிள்ஸ்', ஆனால் வினைச்சொல் ஒருமை.

அறிகுறி: யார் செய்தார், எது கெட்டது என்று தெரியவில்லை

"ஆஃப்டர் செக்கிங் தி ஃபேப்ரிக், தி ஹோல்ஸ் வேர் ஃபவுண்ட்." துணியைச் சோதித்தது யார்? வாக்கியப்படி ஓட்டைகள்.

இதைக் கண்டுபிடிக்கத் தமிழனுக்கு ஆங்கில இலக்கணமே தேவையில்லை. "துணியைச் சோதித்து ஓட்டைகள் தெரிந்தன" என்று சொல்லிப் பாருங்கள், உடனே காது உறுத்தும். 'சோதித்து' என்ற வினையெச்சம் பொதுவாக எழுவாயை மாற்ற விடாது, சோதித்தவரேதான் அடுத்த வேலையையும் செய்ய வேண்டும். ஆனால் "சோதித்த பிறகு" என்றால் எழுவாய் மாறலாம், "சோதித்த பிறகு ஓட்டைகள் தெரிந்தன" நன்றாகவே ஒலிக்கும். நாம் அந்த இரண்டாவதை நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிறோம். ஆங்கிலத்தின் 'ஆஃப்டர் செக்கிங்' நம்முடைய 'சோதித்து' போன்றது. 'இங்' சொல்லில் ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் 'செய்து' என்று தமிழாக்கிப் பாருங்கள். உறுத்தினால், ஆளைக் கொண்டுவாருங்கள்: "வி செக்ட் தி ஃபேப்ரிக் அண்ட் ஃபவுண்ட் ஹோல்ஸ்."

'இட்' இன்னொரு வில்லங்கம். "வி ஸென்ட் தி நியூ ஃபேப்ரிக் டு தி லேப் வித் தி ஓல்ட் ஒன், அண்ட் இட் ஃபெயில்ட்." எது தோற்றது? தமிழில் 'அது' போட்டாலும் இதே குழப்பம்தான், எதிரே நிற்பவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். மெயிலில் அப்படிக் கேட்டுப் பதில் வாங்க ஒரு நாள் ஆகிவிடும். பொருளின் பெயரையே மறுபடி எழுதுங்கள். ஒரே சொல் திரும்ப வருகிறதே என்ற கூச்சம் வியாபாரக் கடிதத்தில் வேண்டாம்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள்

"வி டிட் நாட் ஸ்டாப் டையிங் பிகாஸ் தி ஷேட் வாஸ் ராங்." சாயம் போடுவதை நிறுத்தினார்களா இல்லையா? நிறம் தப்பாக இருந்ததால் நிறுத்தாமல் தொடர்ந்தோம் என்றும் படிக்கலாம். நிறுத்தினோம், ஆனால் காரணம் நிறம் இல்லை என்றும் படிக்கலாம். 'நாட்' டும் 'பிகாஸ்' ஸும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எனக்குக் கை நின்றுவிடும். காரணத்தை முன்னால் வையுங்கள், அல்லது இரண்டு வாக்கியமாக உடையுங்கள்.

'ஒன்லி' யைப் பொறுத்தவரை, நம் 'தான்' ஒட்டுகிற இடம் தெளிவு. "வெள்ளைதான் வேண்டும்" என்பதும் "நாளைதான் வேண்டும்" என்பதும் வேறு. ஆங்கிலத்திலும் 'ஒன்லி' யை எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதற்குச் சற்று முன்னால் வைத்தால் போதும்.

காற்புள்ளியைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் நடந்த வழக்கைச் சொல்வேன். யாருக்கெல்லாம் மிகைநேரச் சம்பளம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்" என்று வரும். 'ஷிப்மென்ட்' டுக்குப் பிறகு காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள், அங்கே சொல்லியிருப்பது பேக்கிங் என்ற ஒரே வேலைதான், நாங்கள் பேக்கிங் செய்யவில்லை, விநியோகம் செய்கிறோம் என்று வாதிட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாக்கியம் குழப்பமானதுதான் என்று ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. பட்டியலில் கடைசிப் பொருளுக்கு முன்னால் காற்புள்ளி போடலாமா வேண்டாமா என்று ஆசிரியர்கள் சண்டை போடட்டும். பணம் சம்பந்தப்பட்ட வாக்கியத்தில் நான் போடுகிறேன்.

அறிகுறி: ஒரு சொல் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது

இவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 'டிஸ்கஸ் அபவுட்', 'மென்ஷன் அபவுட்' இரண்டிலும் 'பற்றி' எட்டிப் பார்க்கிறது, 'அபவுட்' வேண்டாம். 'ரிப்ளை மீ', 'எக்ஸ்ப்ளெயின் மீ' இரண்டிலும் 'எனக்கு' இருக்கிறது. 'டு மீ' வேண்டும். 'இன்ஃபார்ம் டு யூ' வில் நேர் எதிர்; 'டு' வேண்டாம். "ஆல்தோ... பட்" என்று இரண்டையும் போடக் கூடாது, ஒன்று போதும். 'ரிட்டர்ன் பேக்', 'கேன் ஏபிள் டு' இவற்றிலும் அப்படியே. 'டுடே ஈவினிங்' என்பது இன்று மாலை. ஆங்கிலத்தில் 'திஸ் ஈவினிங்'. "ப்ளீஸ் டெல் அஸ் வென் வில் யூ அப்ரூவ்" என்று கேள்விக்குள் கேள்வி வந்தால் உள்ளே இருப்பது கேள்வி வடிவத்தை விட்டுவிட வேண்டும்: "வென் யூ வில் அப்ரூவ்".

அறிகுறி: நம் ஊரில் புரிகிறது, வெளியே புரியவில்லை

"ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் மெஷர்மென்ட் சார்ட்." நமக்கு டவுட் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. வெளிநாட்டுக்காரருக்கு, உங்கள் சார்ட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று கேட்கும். 'கொஸ்டியன்' என்று எழுதுங்கள்.

'ப்ரீபோன்' நல்ல சொல், அகராதியிலும் ஏறிவிட்டது, நமக்குள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஜெர்மனியில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது, 'மூவ் டு ஆன் எர்லியர் டேட்' என்றால் தெரியும். 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் பலர் புரிந்துகொள்வார்கள், 'ரிப்ளை' போதும். 'டு தி நீட்ஃபுல்' என்பதில் எனக்கு இருக்கும் வருத்தம் அது இந்திய ஆங்கிலம் என்பதால் அல்ல. என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதே இல்லை. லட்சத்தை எண்ணாக எழுதுங்கள், காற்புள்ளியும் அவர்கள் முறைப்படி: 1,50,000 அல்ல, 150,000.

ஒன்றைக் கவனியுங்கள். நம் மெயிலைப் படிக்கிற பையர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களும் நம்மைப் போலவே பாடுபட்டுக் கற்றவர்கள். எளிய சொல் இருவருக்குமே உதவி.

அறிகுறி: பிழை இருந்தும் மென்பொருள் கோடு போடவில்லை, அல்லது பிழையே இல்லாத இடத்தில் போடுகிறது

வேர்டும் கிராமர்லியும் நல்ல துணைகள்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஒருமை பன்மை, விட்டுப்போன ஆர்டிகிள், எழுத்துப் பிழை இவற்றை நன்றாகப் பிடிக்கும். 'ஃப்ரம்' என்று எழுத நினைத்து எழுத்து மாறி 'ஃபார்ம்' ஆகிவிட்டால், 'மேனேஜர்' ஓர் எழுத்து குறைந்து மாட்டுத் தொட்டியைக் குறிக்கும் 'மேன்ஜர்' ஆகிவிட்டால், இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் சில சமயம் நழுவிவிடும். நீங்கள் சொல்ல வந்தது எது என்பது அதற்குத் தெரியாது. 'ஹேட் ஸென்ட்', 'டில் ஃப்ரைடே', 'யெஸ் சார்' எல்லாம் அதற்குச் சரியான ஆங்கிலம்தான்.

இன்னொரு பக்கம், செயப்பாட்டு வினையைக் கண்டால் கோடு போடும். "தி கூட்ஸ் வேர் ஷிப்ட் ஆன் மண்டே" என்பதில் ஒரு பிழையும் இல்லை, யார் அனுப்பினார் என்பது அங்கே முக்கியமும் இல்லை. மாற்ற வேண்டாம். ஆனால் "மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்று எழுதியிருந்தால் மாற்றுங்கள், அங்கே யார் என்பது முக்கியம்.

வேர்டில் ரிவ்யூ பகுதியில் 'ரீட் அலௌட்' என்று ஒன்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதைப் படிக்கவிட்டுக் கேளுங்கள். நீங்களே படித்தால் இருக்க வேண்டியதைப் படிப்பீர்கள். அது இருப்பதைப் படிக்கும்.

ஒரு மெயிலை முழுதாகப் பார்ப்போம்

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டியது இது:

"வி ஹேட் ரிசீவ்ட் யுவர் கமென்ட்ஸ் யெஸ்டர்டே. ஆஃப்டர் செக்கிங் தி சாம்பிள், ஸ்லீவ் லெங்த் வாஸ் ஃபவுண்ட் ஷார்ட். வி ஹேவ் எ டவுட் இன் யுவர் சார்ட். யூ ஹேவ் டு கன்ஃபர்ம் வித்தின் ஃப்ரைடே. அதர்வைஸ் ஷிப்மென்ட் வில் டிலே."

முதல் வாக்கியத்தில் 'ஹேட்' வேண்டாம். இரண்டாவதில் சோதித்தது யார் என்று வர வேண்டும். நான்காவதில் 'வேண்டும்', 'க்குள்' இரண்டும் இருக்கின்றன. ஐந்தாவது சுவாரஸ்யமானது: 'டிலே' என்றால் தாமதப்படுத்துவது. தாமதமாவது வேறு, தாமதப்படுத்துவது வேறு என்று தமிழிலும் பிரித்துத்தான் சொல்கிறோம். ஷிப்மென்ட் தானாக எதையும் தாமதப்படுத்தாது, "வில் பி டிலேட்".

மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். "தம்பி, என்ன டவுட்?" என்று கேட்டேன். "ஸ்லீவ் ஷார்ட்டா இருக்குங்கண்ணா." "எதைவிட ஷார்ட்?" கொஞ்சம் யோசித்தான். அவர்கள் இரண்டு சார்ட் அனுப்பியிருக்கிறார்களாம். மார்ச் 3-ல் வந்ததில் கை நீளம் 62, மார்ச் 10-ல் வந்ததில் 61. நம் சாம்பிளில் 61. அதாவது சாம்பிள் குட்டை இல்லை, எந்த சார்ட்டைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. இலக்கணத்தை மட்டும் திருத்தி அனுப்பியிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே கேட்டதாக நினைத்திருப்போம்.

அவனே திரும்ப எழுதினான்:

"வி ரிசீவ்ட் யுவர் கமென்ட்ஸ் யெஸ்டர்டே. யுவர் சார்ட் ஆஃப் 3 மார்ச் கிவ்ஸ் தி ஸ்லீவ் லெங்த் அஸ் 62 சென்டிமீட்டர்ஸ். யுவர் சார்ட் ஆஃப் 10 மார்ச் கிவ்ஸ் 61. அவர் சாம்பிள் மெஷர்ஸ் 61. விச் சார்ட் ஷுட் வி ஃபாலோ? இஃப் யூ கன்ஃபர்ம் பை ஃப்ரைடே, 14 மார்ச், வி கேன் கீப் தி ஷிப் டேட்."

அன்று சாயங்காலமே பதில் வந்தது: "61, ப்ளீஸ்."